நன்றாகப் பதில் சொன்ன மகள்

"உன் பேரென்ன?"

"அகேலோ."

"முழுப் பேரு?"

"அகேலோ... அம்மா மக."

"அப்பா பேரையும் சேர்த்துச் சொல்லணும்டி. அகேலோ ஒதுண்டோ. எங்க, மறுபடி சொல்லு."

ரிஸ்பா குனிந்து ஒமேனாவைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். விரல் நீளம்கூட இல்லாத வெள்ளி மீன். விடியலில் படகுகள் கொண்டுவந்து கொட்டியதைப் பழைய வலையை மணலில் விரித்துப் பரப்பியிருந்தாள். பத்து மணிக்குள் ஒருமுறை புரட்டிவிட்டால் மத்தியானம் சாக்கில் கட்டிவிடலாம். நடுவில் லோல்வே ஏரிக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தால் போச்சு, நனைந்த மீன் கோழித் தீவனத்துக்குத்தான் ஆகும். அதனால் கரையில் எந்தப் பெண்ணும் ஒரு கண்ணை மீனிலும் ஒரு கண்ணை வானத்திலும் வைத்திருப்பாள். ரிஸ்பாவுக்கு மூன்றாவதாக ஒரு கண் வேண்டியிருந்தது. அது மகள்மேல்.

அகேலோவுக்கு முப்பத்தொரு வயது. நல்ல உயரம், அப்பாவைப்போல அகன்ற தோள். நாணல் கம்பை வைத்துக்கொண்டு கொக்குகளை விரட்டிக்கொண்டிருந்தாள். கொக்கு பறந்தால் கைதட்டிச் சிரிப்பாள். அது திரும்பி வந்து உட்கார்ந்தாலும் அதே சிரிப்புதான்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"இன்னிக்குச் செவ்வாய் இல்ல. ஆனா நாளான்னிக்கு டாக்டரம்மா கேட்கும்போது செவ்வாய்னுதான் சொல்லணும். அதனால இப்பவும் செவ்வாய்னே சொல்லு."

பக்கத்து வலையிலிருந்து தோர்சிலா நிமிர்ந்தாள். "என்ன உயோமாக்காரி, பொண்ணு பார்க்க வர்றாங்களா? காலையிலேருந்து பாடம் பலமா நடக்குது."

எங்கள் கரையில் கட்டிக்கொண்டு வந்தவளைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ரிஸ்பா உயோமாக்காரி. தோர்சிலா அலெகோக்காரி.

"ஆமா அலெகோக்காரி. உன் மருமகன் மாதிரி ஒருத்தன் வந்து நின்னா, வேண்டாம்னு சொல்லித் திருப்பி அனுப்பத் தெரியணுமில்ல, அதுக்குத்தான் பாடம்."

கரை முழுக்கச் சிரித்தது. தோர்சிலாவும் சிரித்தாள், ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், இடிக்குப் பயந்து ஓடிய அகேலோ, தோர்சிலாவின் வலைமேல் ஏறி ஒரு நாள் மீன் முழுவதையும் மணலோடு மிதித்துவிட்டாள். "இதைக் கட்டிப்போட்டு வளர்க்க வேண்டியதுதானே" என்று தோர்சிலா கத்தினாள். அன்றிலிருந்து ரிஸ்பா அவள் வீட்டில் ஒரு கை உப்பு வாங்கியதில்லை. வாய்ச்சண்டை மட்டும் குறைவில்லாமல் நடந்தது.

ரிஸ்பாவின் அடிவயிற்றில் ஒரு கட்டி இருந்தது. ஒரு வருஷமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. தூரத்துக் கிசுமு நகர ஆஸ்பத்திரியில் அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள், அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை. "இந்த நாளை விட்டீங்கன்னா மறுபடி அஞ்சு மாசம் ஆகும். உங்களுக்கு அஞ்சு மாசம் இல்லம்மா" என்று அந்த டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இருபது நாள் படுக்கை.

அகேலோவை யாரிடம் விடுவது? அவளுக்கு முன்னால் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் தட்டம்மையில் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். இரட்டையருக்கு அடுத்துப் பிறந்தவள் என்பதால்தான் அகேலோ என்று பேர். புருஷன் போய்ப் பதினாறு வருஷம். மிச்சம் இருந்தது கொழுந்தன் எலியாக்கிம்.

"அண்ணி, நான் கெட்டவன்னு நினைக்காதீங்க" என்றான் அவன். "நீங்க இருக்கிற வரைக்கும் அவ உங்க வீட்டுல இருக்கா, யாரும் கேட்கலே. நீங்க இல்லாம அவ மட்டும்னா, தகப்பன் வேலிக்குள்ள கல்யாணமாகாத பொம்பளைக்கு ஏது குடிசை? பையன்னா வாசல் பக்கம் நானே போட்டுத் தருவேன். பொண்ணுக்குப் போட்டா நம்ம வழக்கம் என்ன சொல்லும்? என் பிள்ளைங்களுக்குத்தான் ஆகாது."

அவன் கெட்டவன் இல்லை. போகும்போது அகேலோவின் கையில் ஒரு கரும்புத் துண்டு கொடுத்துவிட்டுப் போனான். வழக்கம் அவனைவிடப் பெரியதாக இருந்தது, அவ்வளவுதான்.

சந்தை ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லம் ஒன்று உண்டு. அகேலோவைப் போன்ற வளர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர் அங்கே இருந்தார்கள். "ஒரு கட்டில் காலியா இருக்கும்மா" என்றார் சிஸ்டர் மெலானியா. "இந்த ஊர் ஆஸ்பத்திரியில மாசத்துல முதல் செவ்வாய் சோதிச்சுச் சீட்டு குடுப்பாங்க. தனியா இருக்க முடியாதவங்கன்னு அதுல எழுதியிருக்கணும். அதைக் கொண்டுவாங்க, உடனே சேர்த்துக்கிறேன்."

ரிஸ்பாவின் காதில் 'சோதிப்பார்கள்' என்பது மட்டும் விழுந்தது. சோதனை என்றால் தேற வேண்டும். பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்தினால் ஒருவரும் சிரித்துவிடக் கூடாது. அந்தச் செவ்வாய்க்கிழமை அகேலோவுக்கு நீலக் கவுன் போட்டு, தலையைப் பின்னி, காலில் எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று கூட்டிக்கொண்டு போனாள். வேனில் போகும்போது வழியெல்லாம் ஜெபித்தாள். ஆண்டவரே, என் பிள்ளை நன்றாகப் பதில் சொல்ல வேண்டும்.

சோதித்தவர் நெக்கேசா என்ற டாக்டரம்மா. மலைப்பக்கத்துக்காரர், நம் பேச்சைத் தட்டுத்தடுமாறித்தான் பேசினார்.

"பேரென்ன?"

"அகேலோ ஒதுண்டோ."

"என்ன கிழமை?"

"செவ்வாய்."

"நீயே குளிப்பியா?"

"குளிப்பேன்."

"சாப்பாடு?"

"நானே சாப்பிடுவேன். களி கிண்டுவேன். மீன் புரட்டுவேன். அம்மாவுக்குத் தண்ணி குடுப்பேன்."

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா வளர்த்திருக்கீங்கம்மா" என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் அந்த வார்த்தையை யாரும் ரிஸ்பாவிடம் சொன்னதில்லை. வெளியே வந்ததும் எண்ணெயில் பொரித்த இனிப்பு ரொட்டி இரண்டு வாங்கி, இரண்டையும் மகளுக்கே கொடுத்தாள். "நல்லா சொன்னேனாம்மா?" "ரொம்ப நல்லா சொன்னடி என் தங்கம்." சீட்டை மார்போடு சேர்த்துவைத்துக்கொண்டு நேரே இல்லத்துக்குப் போனாள்.

சிஸ்டர் மெலானியா சீட்டை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சிறு உதவியோடு தன் காரியங்களைத் தானே செய்துகொள்ளக் கூடியவர். விடுதிப் பராமரிப்பு தேவையில்லை." மேசைமேல் சீட்டை வைத்தார். "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணினேன் சிஸ்டர்?"

"அவ எல்லாம் செய்வான்னு எழுதியிருக்காங்களே. இதை வச்சு நான் சேர்க்க முடியாதும்மா."

ரிஸ்பா வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடவுள் அவள் கேட்டதைத்தான் கொடுத்திருந்தார். ஒரு குறையுமில்லாமல் கொடுத்திருந்தார்.

மறு சோதனைக்கு அடுத்த மாதம் முதல் செவ்வாய் வரை காத்திருக்க வேண்டும். அறுவை அதே வாரம் வியாழன். நடுவில் ஒரே ஒரு புதன்கிழமை. முதல் சீட்டை மாற்றுவதென்றால் பக்கத்துக் கூரைக்காரர் ஒருவர் சாட்சிக்கு வர வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கூரை என்று இருந்தது ஒன்றுதான்.

தோர்சிலா கொதிக்கும் களியைத் துடுப்பால் அழுத்திக் கிண்டிக்கொண்டிருந்தாள். ரிஸ்பா வாசலிலேயே நின்றாள்.

"உன்கிட்ட வந்து கேட்கிற நிலைமைக்கு வந்துட்டேன் அலெகோக்காரி."

"அதான் கேட்டுட்டியே. வேன் எத்தனை மணிக்கு?"

"என்ன விஷயம்னு இன்னும் சொல்லவே இல்லையே."

"ஒன்பது வருஷமா என் வாசலை மிதிக்காதவ வந்து நிக்கிறே. சின்ன விஷயமா இருக்காது. உட்காரு, இல்லன்னா நகரு, புகை உள்ளயே அடையுது."

ரிஸ்பா உட்காரவில்லை. அந்த மாதம் அவளுக்கு ரத்தம் அதிகமாகவே போனது. மீன் சாக்கைத் தூக்கும்போது கண் இருட்டியது. ஒருநாள் வலைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். அகேலோ கொக்கை விரட்டும் கம்பால் அம்மாவைச் சுற்றிச் சுற்றி விரட்டிக்கொண்டிருந்தாள், எதை விரட்டுகிறோம் என்று தெரியாமலே.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். முறை வந்து உள்ளே போனதும், யாரும் கேட்கும் முன்பே அகேலோ எழுந்து நின்றாள். "என் பேரு அகேலோ ஒதுண்டோ. இன்னிக்குச் செவ்வாய். நானே குளிப்பேன்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். "போன மாசம் வந்தவங்கதானே?"

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது டாக்டரம்மா" என்றாள் ரிஸ்பா. "அவமேல தப்பில்ல. யாரும் சிரிச்சிடக் கூடாதுன்னு நான்தான்..."

"சரி. அவளால என்னென்ன முடியாதோ அதைச் சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

"இவ முன்னாடியா?"

"அவளைப் பக்கத்துல வச்சுத்தான் எழுதணும்மா. விதி அப்படி."

பெற்ற நாள் முதல் ரிஸ்பா செய்துவந்த வேலையே இதைச் சொல்லாமல் இருப்பதுதான். அகேலோவால் என்ன முடியாது என்று எந்த மனிதரிடமும் அவள் சொன்னதில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் செய்வாள் என்றே சொல்லிச் சொல்லி ஒரு வேலி கட்டியிருந்தாள். இப்போது அதைத் தன் கையால் பிரிக்க வேண்டும்.

"மீனுல முள்ளு எடுத்துக் குடுக்கணும். இல்லன்னா முழுங்கிடுவா" என்று தொடங்கினாள். "களியைச் சின்னதா உருட்டி இடது பக்கம் வைக்கணும். வலது பக்கம் வச்சா இருக்கிறதே அவளுக்குத் தெரியாது. பசியோட உட்கார்ந்திருப்பா, கேட்க மாட்டா."

"ம்."

"சூடு தெரியாது. குளிக்கத் தண்ணியை நான் தொட்டுப் பார்த்துத்தான் ஊத்தணும். முதல்ல காலு. தலையில முதல்ல ஊத்தினா கத்துவா. இடி இடிச்சா ஓடுவா, எந்தப் பக்கம்னு இல்ல, ஏரிக்குள்ளயும் ஓடுவா. மழைக்காலத்துல என் துணியையும் அவ துணியையும் முடிச்சுப் போட்டுக்கிட்டுத்தான் படுப்பேன்."

"அப்புறம்?"

"மாசாமாசம்... நான்தான் துணி வச்சுக் கட்டிவிடணும். ரத்தத்தைப் பார்த்தா செத்துப்போகப் போறோம்னு அழுவா. ஒவ்வொரு மாசமும் புதுசா அழுவா டாக்டரம்மா. மடியில போட்டுத் தட்டிக்கொடுத்து, அகேலோ சாகலேன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும்."

தோர்சிலா இடுப்புத் துணியின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"ஆம்பளை யாராவது சிரிச்சுக் கூப்பிட்டா போயிடுவா." ரிஸ்பாவின் குரல் இறங்கிப்போனது. "பத்தொம்பது வயசுல ஒருதடவை... நான் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தா... அதுக்கப்புறம் நான் சந்தைக்கே போகலே. கரையிலேயே வித்துக்கிறேன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். கரையில் யாருக்கும் தெரியாத விஷயம் அது.

"பொய்" என்றாள் அகேலோ.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. "அம்மா பொய் சொல்றா. நான் களி கிண்டுவேன். நான் குளிப்பேன். நல்லா சொன்னேன்னு சொன்னியே? ரொட்டி வாங்கிக் குடுத்தியே? இப்ப ஏம்மா இப்படிச் சொல்றே?"

ரிஸ்பா கையை நீட்டினாள். அகேலோ அதைத் தட்டிவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் தட்டிவிட்டதில்லை.

டாக்டரம்மா மேசைமேல் இருந்த தண்ணீர் ஜாடியைக் காட்டி, "அகேலோ, எனக்குத் தாகமா இருக்கு. ஒரு தம்ளர் தர்றியா?" என்றார். அகேலோ விசும்பிக்கொண்டே ஊற்றினாள். பாதி மேசையில் கொட்டிக் காகிதங்களை நனைத்தது. டாக்டரம்மா காகிதத்தை நகர்த்தக்கூட இல்லை. தம்ளரை இரண்டு கையாலும் வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தார். "நன்றி" என்றார். அதன் பிறகுதான் ஈரத்தைத் துடைத்து முத்திரை குத்தினார்.

ஆஸ்பத்திரிப் படியில் நின்று ரிஸ்பா சிஸ்டர் மெலானியாவுக்குப் போன் செய்தாள். சீட்டு கிடைத்துவிட்டது என்று சொன்னாள். பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி சிஸ்டர். பரவாயில்ல சிஸ்டர். ஆண்டவர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்."

"என்னவாம்?" என்றாள் தோர்சிலா.

"போன வாரம் ஒரு பையன் வந்துட்டானாம். கட்டில் இல்ல. மூணாவதா பேரு எழுதிக்கிறாங்களாம். யாராவது போனாத்தான் இடம்." படியிலேயே உட்கார்ந்தாள். "நான் போகலே அலெகோக்காரி. வியாழக்கிழமை போகலே."

"போகாம?"

"இருக்கிற வரைக்கும் அவகூட இருந்துட்டுப் போறேன்."

"எவ்வளவு நாளைக்கு? மழைக்காலம் முடியிற வரைக்குமா? அப்புறம்? அப்புறம் யாரு?"

அகேலோ பத்தடி தள்ளி, சுவரோடு சுவராக, முதுகைக் காட்டி நின்றாள்.

"ஒண்ணு சொல்றேன், யாருக்கும் சொல்லாதே" என்றாள் ரிஸ்பா. "எனக்கு ஒருநாள் முன்னாடி அவ போயிடணும்னு நான் ஜெபம் பண்ணியிருக்கேன். பெத்தவ கேட்கிற ஜெபமா அது? ஒருநாள் போதும், அவளைக் குளிப்பாட்டி அடக்கிட்டு நானும் படுத்துக்கிறேன்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன்."

தோர்சிலாவும் படியில் உட்கார்ந்தாள். கால் வலிக்கிறது என்பதுபோல முழங்காலைத் தேய்த்தாள். "துணியை எங்க வச்சிருக்கே?" என்றாள்.

"எந்தத் துணி?"

"மாசத் துணி. மத்த எல்லாத்தையும் உள்ள உட்கார்ந்து கேட்டேன். இடது பக்கம்னு சொன்னே. முள்ளுன்னே. முதல்ல காலுன்னே. துணி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லலே."

ரிஸ்பா அவளைப் பார்த்தாள். "உன் மீனை மிதிச்சவ அவ."

"மிதிச்சா. நானும் கட்டிப்போடுன்னு சொன்னேன். எனக்கு என்னடி தெரியும்? யாராவது சொன்னாத்தானே? நீதான் அவளுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் தெரியும்னு கோட்டை கட்டி வச்சிருந்தே. கொழுப்பெடுத்த பொண்ணு, வேணும்னே மிதிக்குதுன்னுதான் நான் இத்தனை வருஷமா நினைச்சிருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "இருபது நாள். அதுக்கு மேல வாக்கு குடுக்க எனக்குத் தைரியம் இல்ல. எனக்கும் இடுப்பு வலிக்குது, வயசு ஆகுது. இருபது நாளைக்கு என் துணியோட முடிச்சுப் போட்டுக்கிறேன்."

ரிஸ்பாவுக்கு நன்றி சொல்ல வரவில்லை. "கட்டிலுக்கு அடியில, பச்சை வாளியில" என்று மட்டும் சொன்னாள்.

வேனில் அகேலோ அம்மா பக்கத்தில் உட்கார மறுத்துவிட்டாள். டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டே வந்தாள். அன்றிரவு அம்மா ஊட்டியதை மட்டும் வாங்கிக்கொண்டாள், பேசாமல்.

புதன்கிழமை மத்தியானம் அகேலோவைப் பழக்கிப் பார்த்தார்கள். தோர்சிலாவின் ஏற்பாடுதான். "நீ இருந்தா அவ என்கிட்ட வாங்க மாட்டா. பின்பக்கம் கள்ளிவேலிக்கு அந்தாண்டை போய் உட்காரு. என்ன கத்தினாலும் வரக் கூடாது. சத்தம் குடுக்கக் கூடாது. வந்தே, நான் கையைக் கழுவிட்டு என் வீட்டுக்குப் போயிடுவேன்."

ரிஸ்பா வேலிக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்தாள். சமையல் குடிசைக்குள் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"வாயைத் திற."

"அம்மா ஊட்டும்."

"அம்மா இல்ல. நான்தான். முள்ளெல்லாம் எடுத்துட்டேன், பாரு."

தட்டு உருண்டு விழுந்தது. "பரவாயில்ல, நாய் தின்னும்" என்றாள் தோர்சிலா. மறுபடி பானையைச் சுரண்டும் சத்தம். பிறகு அகேலோ கூப்பிடத் தொடங்கினாள்.

"அம்மா."

ரிஸ்பா முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா! அம்மா, நான் குளிக்க மாட்டேன். நான் களி கிண்ட மாட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொன்னதுதான் சரி. வாம்மா!"

ரிஸ்பா தலைத்துணியை அவிழ்த்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள். தெய்வமே, இந்தக் குரலுக்கு நான் எழுந்து போகாமல் பார்த்துக்கொள் என்று கேட்டாள். இதைப்போல ஒரு ஜெபத்தை அவள் வாழ்நாளில் செய்ததில்லை. மணலைக் கை நிறைய அள்ளிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே தோர்சிலா திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. ஏதோ ஒமேனாவைப் பற்றி, இன்று வந்த மீன் சிறியது, நேற்று வந்தது பெரியது என்று, பக்கத்து வலைக்காரியிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே இருந்தாள்.

கூப்பிடும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்தது. நின்றது.

"அம்மா எங்க?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகுது. வயித்துல கட்டி. அறுத்து எடுப்பாங்க."

"எப்ப வரும்?"

சீக்கிரம் வந்துவிடும் என்று தோர்சிலா சொல்லிவிடக் கூடாதே என்று ரிஸ்பாவுக்கு இருந்தது.

"எனக்குத் தெரியாதுடி" என்றாள் தோர்சிலா. "தெரிஞ்சா சொல்லமாட்டேனா? இந்தா, இடது பக்கம் பாரு."

பிறகு, யாரிடமோ பொதுவாகச் சொல்வதுபோலத் தோர்சிலாவின் குரல் வேலியைத் தாண்டி வந்தது. "ஒரு வாய் வாங்கிட்டா."

ரிஸ்பா துணியை வாயிலிருந்து எடுத்தாள். அவளுக்கு இப்போது வீட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும்போல இருந்தது. எழுந்தாள். அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு ஏரிப் பக்கமாக நடந்தாள். உள்ளேயிருந்து மறுபடி "அம்மா" என்று கேட்டது. நின்று, மீண்டும் நடந்தாள். எத்தனை எட்டு வைத்தால் அந்தக் குரல் கேட்காமல் போகும் என்று முப்பத்தொரு வருஷமாக அவளுக்குத் தெரியாது. அதை இன்று போய்ப் பார்த்துவிட வேண்டியிருந்தது. நாளை போக வேண்டிய கிசுமு அதைவிடத் தூரம்.